பென்டிரைவில் 20 ஜிபி இடம் காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏற மறுப்பது ஏன்?

பென்டிரைவ் பழுதாகவில்லை, கவலைப்படாதீர்கள். அது ஃபேட்32 என்ற, கோப்புகளைச் சேமித்து வைக்கும் பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரு கோப்பின் அளவு 4 ஜிபியைத் தொடவே முடியாது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இதே கதைதான். டிரைவை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு இந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். பழைய டிவி, கார் ஸ்டீரியோ சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது.

ஃபார்மட் செய்ய முடியாத நிலையா? வீடியோவைத் துண்டுகளாக்கி ஏற்றலாம். அதற்கு 7-ஜிப் என்ற மென்பொருள் இலவசம், நான் நம்பிப் பரிந்துரைப்பது. அதில் கோப்பை ஆர்கைவில் (கோப்புகளைக் கட்டி வைக்கும் தொகுப்பில்) சேர்க்கும்போது, துண்டாக்கும் பெட்டியில் 3900எம் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். கம்ப்ரெஷன் அளவை 'ஸ்டோர்' என வையுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், மேலும் சுருக்குவது நேர விரயம். மறுமுனையில் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 001 என முடிவதை மட்டும் எக்ஸ்ட்ராக்ட் செய்தால் போதும்.