எலுமிச்சைத் தளிரில் புழு: வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

தொட்டி எலுமிச்சையின் இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, தட்டினால் நெளிகிறது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்த எச்ச வேஷமெல்லாம் சின்னதாக இருக்கும்போதுதான், கடைசிக் கட்டத்தில் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். சந்தேகமிருந்தால் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போலப் பிளந்த கொம்பு ஒன்றை நீட்டும், காட்டமான வாடையும் வரும். கடிக்காது, வெறும் மிரட்டல்!

நன்றாகக் கிளைத்த செடி இரண்டு மூன்று புழுக்களைத் தாங்கும், இலை மறுபடி துளிர்த்துவிடும். சின்னக் கன்று என்றால் மொட்டையடித்துவிடும். அப்போது இலையோடு கிள்ளி வேறொரு பெரிய எலுமிச்சையில் விடுங்கள். செம்பருத்தியில் விட்டால் பட்டினிதான்.

அப்புறம், செடி துளிர்க்கும் பருவத்தில் தளிர்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கடுகளவு வெளிர்மஞ்சள் உருண்டை தெரிந்தால் அதுதான் முட்டை. கொழுத்த புழு திடீரென்று காணாமல் போனால் பக்கத்துக் குச்சிகளைப் பாருங்கள், கூட்டுப்புழுவாகி மெல்லிய நூலில் சாய்ந்து நிற்கலாம்.