வங்கிகளில் மூத்த ஊழியர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையே ஏன் இவ்வளவு மனக்கசப்பு?

"எங்கள் கிளையில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எங்களை வேலை தெரியாதவர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்கிறார்கள். ஓய்வூதியம் முதல் எல்லாவற்றையும் தாங்கள் வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஒன்றும் வைக்காமல் போகிறவர்கள் இப்படிப் பேசலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 2011க்குப் பிறகு, வங்கிகளுக்குப் பொதுவாக ஆளெடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதிப் பொதுத்துறை வங்கி ஒன்றில் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் 1981இல் எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாகி, 2018இல் ஓய்வு பெற்றவன். அதாவது, நீங்கள் குறை சொல்லும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன். என் பதில் ஒருதலைப்பட்சமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் கசப்புக்கு இரு தலைமுறையினரின் குணத்தில் காரணம் தேடுவது வீண். பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக எழுத்தர் நியமனம் அநேகமாக நின்றுபோயிருந்தது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆளெடுத்துக்கொண்டிருந்த வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களும் அதே காலத்தில் கலைக்கப்பட்டன. பிறகு ஒருநாள் திடீரென்று கதவு திறந்தபோது, ஐம்பத்தைந்து வயதுக்காரரின் பக்கத்து நாற்காலியில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை வந்து உட்கார்ந்தது. இருவருக்கும் நடுவில், முப்பத்தைந்து நாற்பது வயதில், இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்ல ஆளே இல்லை. லெட்ஜரில் கையால் வட்டி போட்டுப் பழகியவரும், கிளைகளையெல்லாம் இணைக்கும் கோர் பேங்கிங் கணினி முறை தவிர வேறொன்றையும் பார்த்திராதவரும் ஒரே கவுன்ட்டரில் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் என்ன வியப்பு?

2016 நவம்பர் பணமதிப்பிழப்பின்போது டெல்டா மாவட்டத்துச் சிற்றூர்க் கிளை ஒன்றில் நான் மேலாளராக இருந்தேன். தலைமைக் காசாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மையார். பழைய நோட்டை மாற்ற வந்தவர்களின் விண்ணப்பங்களைப் பதிவு செய்தவர் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத தம்பி. ஆளுக்கு 4,000 ரூபாய் வரை மாற்றிக் கொடுக்கலாம் என்றிருந்த முதல் வாரத்தில், ஒருநாள் இரவு புதிய நோட்டுகளை எண்ணியபோது 4,000 ரூபாய் குறைந்தது. குறைந்தால் காசாளர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். "போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் இப்படித்தான் ஆகும்" என்றார் அம்மையார். "பென்ஷனோடு வீட்டுக்குப் போகப் போகிறீர்கள், உங்களுக்கு நாலாயிரம் ஒரு பெரிய தொகையா மேடம்?" என்று அந்தத் தம்பி திருப்பிச் சொன்னார். பகல் முழுவதும் சாப்பிடாமல் நின்றவர்கள் இருவரும். அந்த வார்த்தைக்குப் பின் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பழைய நோட்டுக் கட்டுகளை எண்ணி முடித்தபோது அதில் சரியாக 4,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. "மொத்தம் சரியாக இருக்கிறது. விண்ணப்பம் ஒன்று பதிவாகாமல் நிற்கிறது" என்று அம்மையார் அந்த நொடியே சொன்னார். தம்பி விண்ணப்பங்களின் வரிசை எண்களைக் கணினியில் ஏறியவற்றோடு ஒப்பிட்டு, விடுபட்ட எண்ணைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்தார். வேறொருவரின் ஆதார் நகலோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டு, அந்தத் தாள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பணம் கிடைத்துவிட்டது, ஆனால் பென்ஷன் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அம்மையார் ஓய்வு பெறும் நாள் வரை மறக்கவில்லை.

அந்த வாக்கியத்துக்கு வேர் 2010 ஏப்ரல் 27இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கையெழுத்திட்ட ஒன்பதாவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தக் காலத்தில் இருக்கிறது. முன்பு வருங்கால வைப்புநிதியிலேயே இருந்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியத்துக்கு மாறிக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது. அதே நேரத்தில், 2010 ஏப்ரல் 1 முதல் சேருகிறவர்களுக்கு, சந்தையில் முதலீடாகும் சேமிப்பைப் பொறுத்துத் தொகை அமையும் புதிய ஓய்வூதியத் திட்டம்தான் என்றும் முடிவானது. அந்த வாய்ப்பு எங்களுக்கு இலவசமாக வரவில்லை. பணியில் இருந்தவர்கள் 2007 நவம்பர் மாதத்துத் திருத்திய சம்பளத்தைப் போல் 2.8 மடங்கைக் கட்டித்தான் சேர்ந்தோம். ஆனாலும், பேச்சுவார்த்தையில் இருந்த எவரும் 2010க்குப் பின் வரப்போகிறவர்கள் அல்லர் என்பதும், இன்னும் வந்து சேராதவர்களின் உரிமையை விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் எளிதாக இருந்தது என்பதும் உண்மை. சங்கத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து சந்தா கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

"எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள்" என்று நீங்கள் எழுதியதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். வங்கி ஓய்வூதியர்களின் அடிப்படை ஓய்வூதியம் சம்பளத்தோடு சேர்ந்து உயர்வதில்லை. விலைவாசிக்கேற்ற அகவிலைப்படி மட்டுமே கூடும். ஊழியர் இறந்தபின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கு 2021 வரை 9,284 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி, மருந்துச் சீட்டையும் பாஸ்புக்கையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இந்த மாதம் எதை வாங்காமல் விடலாம் என்று கணக்குப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரையும் சுகவாசிகள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதேபோல், இளையவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லும் என் வயதினரிடமும் நான் சண்டை போட்டிருக்கிறேன். நாங்கள் அன்று டெபாசிட்டும் கடனும் பார்த்தோம். இவர்கள் தலையில் அவற்றோடு காப்பீடு விற்கும் இலக்கையும் ஏற்றியிருக்கிறார்கள். தமிழே தெரியாத வெளிமாநிலப் பிள்ளையைக் கிராமக் கிளைக் கவுன்ட்டரில் உட்காரவைத்துவிட்டு, நூறுநாள் வேலைக் கூலி எடுக்க வந்த பாட்டியிடம் அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்று குறைசொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? அவனை அங்கே போட்டவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

பன்னிரண்டாவது ஒப்பந்தத்தின் காலம் 2027 அக்டோபரில் முடிகிறது. அடுத்ததற்கான கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, 2010க்குப் பின் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருக்கப்போகிறார்கள் என்று உங்கள் சங்கத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். மூத்தவர்களின் ஓய்வூதியத் திருத்தமும் உங்கள் ஓய்வூதியக் கோரிக்கையும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கக்கூடாது என்று எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். கைதட்டியவர்களும் இருந்தார்கள், "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த கூட்டத்திலும் இதையே சொல்வேன்.