பல் இம்ப்ளான்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? இளநீர், அல்வா கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேர் மாதிரி தாடை எலும்பில் பொருத்துகிற டைட்டானியம் திருகு, வைக்கப் போகிறார்கள், சர்க்கரையும் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கும் அதே இடத்தில்தான் வைத்தார்கள். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு.

மெத்தென்று இருந்தால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். போதாது. சூடாக இருக்கிறதா, உறிஞ்ச வேண்டியிருக்கிறதா, பொடியாக உதிர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காயத்தின் மேல் ரத்தம் உறைந்து நிற்பதுதான் ஆரம்பத்தில் அதற்கு மூடி. சூடு பட்டால் மறுபடி கசியும். உறிஞ்சினால் அந்த மூடியே பெயர்ந்து வந்துவிடும்.

அதனால் இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போடக் கூடாது. "அண்ணாச்சி, டம்ளர்ல ஊத்திக் குடுங்க" என்று வாங்கிக்கொள்ளுங்கள். நுங்கு என்றால் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சுகிற வேலை வேண்டாம். தோலை உரித்து மசித்து, கரண்டியால் கொடுங்கள். ஊசி போட்ட மரப்பு முழுக்கத் தெளிகிற வரை எதுவுமே வாயில் போடாமல் இருப்பது நல்லது. சொந்தக் கன்னத்தைக் கடித்தாலும் அப்போது தெரியாது.

அப்பாவுக்குச் சிரமமாக இருக்கப்போவது சாப்பாடு அல்ல, சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிற பழக்கம். முதல் 24 மணி நேரம் அது கூடாது. எச்சிலையும் விழுங்கிவிடச் சொல்லுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும்.

நம் பக்கத்துத் தேங்காய்ப்பால் சொதி இதற்கென்றே செய்தது போல இருக்கும். நன்றாக ஆறவைத்து, முருங்கைக்காயை ஒதுக்கி, பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்த சோறுமாகப் பிசைந்து கொடுங்கள். கூட வருகிற இஞ்சிப் பச்சடி வீட்டில் மற்றவர்களுக்கு. தயிர்ச்சோற்றைத் தாளிக்காதீர்கள். ஒரு கடுகு தையல் பக்கம் போய் உட்கார்ந்தால் நாக்கு நாள் முழுக்க அதையே துழாவும், தையலையும் சேர்த்து. ஆறின உளுந்தங்கஞ்சி, இடியாப்பம், நன்கு வெந்த முட்டை எல்லாம் சரி. மென்று தின்பதை மறுபக்கம் வைத்துக்கொள்ளட்டும்.

சர்க்கரைக்காரர் வலிக்குப் பயந்து பட்டினி கிடந்துவிட்டு மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் புண் ஆறாது.

அல்வா வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று தோன்றும். ஆனால் நாம் அதைச் சுடச்சுடத்தான் தின்கிறோம், பிசுக்கும் தையலில் ஒட்டும். தையல் பிரித்த பிறகு ஆறினதில் ஒரு விள்ளல், அதுவும் சர்க்கரை அளவு இடம் கொடுத்தால். முறுக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும். கீழ்த்தாடை எலும்பு அந்த டைட்டானியம் திருகை இறுகப் பிடிக்க மூன்று மாதம் போல ஆகும். அதற்குள் கடித்து ஆட்டிவிட்டால் நடுவில் எலும்புக்குப் பதில் வெறும் சதை வளர்ந்துவிடும், திருகு நிற்காது. பீடி, புகையிலை போட்ட வெற்றிலை இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்கு ரத்தம் போவதையே அது குறைக்கிறது.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு வடியும். அதற்குப் பிறகும் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பஞ்சைக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள்.