கன்று ஈன்ற இரவும் கல்லூரி விண்ணப்பமும்: கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு குறித்து ஆலோசனை சொல்லி வருகிறேன். இளமையில் நேர்ந்த ஓர் அனுபவம் ஒருவருடைய படிப்பையும் வேலையையும் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி (ஒரு தாய்): என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். என்னவாகப் போகிறாய் என்று யார் கேட்டாலும் "தெரியாது" என்கிறான். அவனுடைய அத்தை மகள் ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஏ.எஸ். என்று சொன்னவள். இவனுக்கு இலக்கே இல்லையே என்று கவலையாக இருக்கிறது.

பதில்: ஒன்பதாம் வகுப்பில் "தெரியாது" என்பது நேர்மையான பதில், அம்மா. ஆறாம் வகுப்பில் ஐ.ஏ.எஸ். என்று சொல்லும் பிள்ளையிடம், மாவட்ட ஆட்சியர் ஒரு நாளில் என்னென்ன வேலை பார்ப்பார் என்று கேட்டுப் பாருங்கள்; அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் விருந்தாளிகள் மகிழ்கிறார்கள் என்பதைத் தாண்டி அதற்கு எதுவும் தெரிந்திராது. உங்கள் மகனிடம் வேலையின் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே எதை அவன் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய்ப் பார்க்கிறான் என்று கவனியுங்கள்.

நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அடிக்கடி நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பைவிட்டு நழுவி, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எதிரே குந்தியிருப்பான். முதல் இரண்டு முறை காதைப் பிடித்து இழுத்து வந்தேன். மூன்றாம் முறை அவன், "சார், மோட்டார் கெடவில்லை, மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் வரவில்லை, அதனால்தான் மோட்டாரைக் காக்கும் ரிலே விழுகிறது" என்றான். என் பாடப்புத்தகம் சொல்லித்தராத ஒன்றை அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தே அவன் கற்றிருந்தான். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ படித்து, அங்கிருந்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். எட்டாம் வகுப்பில் இலக்கு என்ன என்று நான் கேட்டிருந்தால், அவனும் "தெரியாது சார்" என்றுதான் சொல்லியிருப்பான்.

கேள்வி (ஒரு மாணவி): பாட்டி உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றே மருத்துவராவது என்று முடிவெடுத்தேன். நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் முயல வேண்டுமா? விட்டுவிட்டால் பாட்டிக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றுகிறது.

பதில்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் அவர். சிறுவயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்ததைக் கண்டு, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணிக்கும் போய்வந்து, மகப்பேறு மருத்துவத்தைத் தொடங்கிய நிலையில், முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளி விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களால் பிரசவம் பார்க்க இயலாது என்று ஆனபின் கண் மருத்துவம் படித்தார்; தம் கைக்கேற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண்புரை அறுவைச் சிகிச்சை கற்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த். தம் வாழ்நாளில் அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அந்த மூன்று மரணங்களும் அவரை மருத்துவத்துக்குள் கொண்டு வந்தன; ஆனால் எந்தப் பிரிவில் போய் நிற்பார் என்பதை அவை தீர்மானிக்கவில்லை. உங்கள் பாட்டியின் மரணமும் உங்களிடம் ஒரு கேள்வியைத்தான் விட்டுச் சென்றிருக்கிறது: உரிய நேரத்தில் மருத்துவம் ஏன் கிடைக்கவில்லை? வண்டி வரவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இல்லையா? நோயின் அறிகுறியை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லையா? ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு தொழிலுக்கு அழைத்துச் செல்கிறது. 108 ஊர்தியில் வரும் அவசரகால மருத்துவ நுட்புநர், கிராம சுகாதார செவிலியர், ஆய்வக நுட்புநர், பொது சுகாதாரத்தில் முதுகலை படித்துத் திட்டம் வகுப்பவர் என எல்லாருமே அன்று உங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டவர்கள்தாம்.

மூன்றாம் முறை எழுதுவதா என்பதற்கு என் கணக்கு எளியது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே மதிப்பெண் கணிசமாக உயர்ந்திருந்து, குடும்பத்தின் கையிருப்பும் இடம் கொடுத்தால், இன்னும் ஒரே ஒரு முறை எழுதுங்கள். மதிப்பெண் அதே இடத்தில் நின்றிருந்தால், இந்த ஆண்டே வேறொரு மருத்துவம் சார்ந்த படிப்பில் சேருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவரானால், 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் கீழ் உங்கள் மதிப்பெண்ணுக்கு இடம் உண்டா என்று முந்தைய ஆண்டுத் தரவரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். துரோகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். பாட்டி உங்களிடம் கடன் பத்திரம் எதையும் எழுதி வாங்கவில்லை.

கேள்வி (ஓர் ஆசிரியர்): எங்கள் ஊரில் அறிவியல் மையமோ தொழிற்சாலையோ இல்லை. மாணவர்களின் வாழ்க்கையைத் திருப்பும் அனுபவத்தை ஒரு கிராமப் பள்ளி எப்படித் தர முடியும்?

பதில்: ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது பறக்கும் விதத்தை விளக்கினார் என்றும், புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார் என்றும் அப்துல் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கு ஆன செலவு நடந்து போன நேரம் மட்டுமே. அந்தப் பறவை கலாமை நேராக ஏவுகணைக்குக் கொண்டுபோய்விடவில்லை. அவர் முதலில் விரும்பியது விமானப் படையை. டேராடூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து, வெறுங்கையோடு திரும்பினார்.

இன்னொரு நிகழ்ச்சியை ஆசிரியர்கள் கூர்ந்து படிக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் 1928-ல் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், சோமர்ஃபெல்டின் அணுவியல் நூலைத் தாமாகவே படித்து முடித்திருந்தவர். சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயங்கியல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொன்னபோது அந்த இளைஞர் அதிர்ந்துதான் போயிருப்பார். ஆனால் சோமர்ஃபெல்ட் அதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்தனுப்பினார். சந்திரசேகர் அதை ஊன்றிப் படித்தார்; அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. நோபல் பரிசு 1983-ல் வந்தது.

நம் பள்ளிகளின் களப்பயணங்கள் பெரும்பாலும் எங்கே தோற்கின்றன என்பதை இதிலிருந்து அறியலாம். போவதற்கு முன் பிள்ளைகள் எதையும் படித்திருப்பதில்லை. திரும்பும்போது கையில் எதுவும் இருப்பதில்லை. நடுவில் இருப்பது புளியோதரைப் பொட்டலமும் குழுப் புகைப்படமும்தான். உங்கள் ஊரில் அஞ்சலகம் இருக்கும், கால்நடை மருந்தகம் இருக்கும், அரவை ஆலையோ மின்வாரியத்தின் துணை மின்நிலையமோ பக்கத்தில் இருக்கும். ஒரு வாரம் முன்பே மூன்று கேள்விகளை எழுதிவரச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்பவர் பதில் சொல்லட்டும். திரும்பும்போது ஒரு படிவமோ, ஒரு பழைய உதிரிப் பாகமோ, ஒரு சிறு புத்தகமோ அவர்கள் கையில் இருக்கட்டும். நாற்பது பேரில் இரண்டு பேர் மறுநாளும் அதைப் பற்றிக் கேட்டால் அந்தப் பயணம் பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): போன மார்கழியில் எங்கள் பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. நள்ளிரவில் வந்த மருத்துவர் அம்மா கையை உள்ளே விட்டுக் கன்றின் காலைத் திருப்பி வெளியே எடுத்தார். அன்றிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அப்பா கம்ப்யூட்டர் குரூப் எடு என்கிறார்.

பதில்: முதலில் நடைமுறை. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் கட்டாயம். கணினி அறிவியல் உள்ள பிரிவில் உயிரியல் இல்லையென்றால் அந்தக் கதவை இப்போதே நீயே சாத்திக்கொள்கிறாய். முதல் குரூப் என்று சொல்லப்படும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவை எடுத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து மனம் மாறினாலும் பொறியியலுக்குப் போகலாம்; அப்பாவிடம் இதைச் சொன்னால் சண்டை பாதியாகக் குறையும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் இளநிலைப் படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மாநில இடங்களுக்குத் தற்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. இருந்தாலும் நீ சேரும் ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்.

அடுத்தது, அந்த இரவு. நீ கண்டது அந்தத் தொழிலின் மிக அழகான ஒரு மணி நேரம். லாந்தர் வெளிச்சமோ டார்ச் வெளிச்சமோ, நனைந்த கன்று எழுந்து நிற்க முயல்வதோ, யாருக்கும் மனத்தில் நிற்கும். கோடை விடுமுறையில் உன் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு, பத்து நாள் காலையில் போய் நின்று பார். மடிவீக்கத்தின் சீழ் நாற்றம், ஊசி போடும்போது விழும் உதை, பதிவேட்டில் எழுதித் தீராத தடுப்பூசிக் கணக்கு, மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் போகும் மாட்டுக்காரர் எல்லாவற்றையும் பார். பதினோராம் நாளும் போகத் தோன்றினால் அப்பாவிடம் துணிந்து பேசு. பேசும்போது அந்த மருத்துவரையும் உடன் வைத்துக்கொள்.

கேள்வி: பிள்ளையின் திறனறிய, பணம் கட்டி எழுதும் ஆர்வத் தேர்வுகள் பயன்படுமா?

பதில்: பேச்சைத் தொடங்க உதவும், முடிவெடுக்க உதவாது. ஒரு பிள்ளை இதுவரை எதையெல்லாம் கண்டிருக்கிறதோ அதற்குள்தான் அதன் ஆர்வமும் இருக்கும். வயல் வரப்பைத் தாண்டாத பிள்ளையிடம் கப்பல் பொறியியலில் விருப்பமா என்று தாளில் கேட்டு என்ன பயன்?

கேள்வி (ஒரு தந்தை): வறுமையால் என் பொறியியல் படிப்பு நின்றுபோனது. மகனாவது படிக்கட்டும் என்று நினைப்பது தவறா?

பதில்: நினைப்பதில் தவறில்லை, ஐயா. ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரி வாசலில் நின்றது நீங்கள். அந்த வலி உங்கள் உடம்பில் இருக்கிறது, அவன் உடம்பில் இல்லை. அதை அவனுக்குச் சொல்லுங்கள், முழுதாகவும் நிதானமாகவும், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். கேட்ட பிறகு அவன் வேறொன்றைத் தேர்ந்தால், உங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அவனுக்குக் கிடைத்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): முதலாண்டில் வகுப்பின் முன் ஆங்கிலத்தில் பேசத் திணறினேன். "உனக்கெல்லாம் எதற்கு வேதியியல்" என்றார் பேராசிரியர். அதோடு ஆசையே போய்விட்டது. கணித மேதை ராமானுஜனும் தோற்றவர்தானே என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள்.

பதில்: ராமானுஜனை இதற்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அவர் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், சென்னையிலும் எஃப்.ஏ. என்ற அக்காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அங்கே கணிதம் அறிந்த நாராயண ஐயர் என்ற அதிகாரி இருந்து அவரைத் தாங்கினார் என்பதை யாரும் சொல்வதில்லை. தோல்வி அவரை உருவாக்கவில்லை. தோல்விக்குப் பிறகும் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க ஆள் இருந்தது.

நீங்கள் வேதியியலில் தோற்கவும் இல்லை. ஒரு மொழியில் தடுமாறினீர்கள், அவ்வளவுதான். ஆய்வகத்தில் ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து விழும் ஒற்றைத் துளியில் கரைசல் இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கிறதே, அந்தக் கணம் இப்போதும் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் ஆசை போகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. துறையில் வேறொரு ஆசிரியரைத் தேடி, ஒரு சிறு ஆய்வுப் பணியில் சேருங்கள். ஆங்கிலத்துக்கு, ஒவ்வொரு செய்முறையையும் ஐந்து வாக்கியங்களில் எழுதி உரக்கப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு துறைக்குப் போவதில் வெட்கமில்லை. ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் விடுமுறைகளில் வேலை செய்து படித்தவன். புள்ளியியல் படிப்புக்கான கல்லூரி விண்ணப்பத்தில் "உங்களை உருவாக்கிய அனுபவம்" பற்றி எழுதச் சொல்கிறார்கள். உடன் படித்தவர்கள் போட்டிகளையும் முகாம்களையும் எழுதுகிறார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பதில்: பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதை மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: செக்கிங் மேசையில் நின்றபோது, துணியின் ஓரம் தைக்கும் குறிப்பிட்ட ஓர் ஓவர்லாக் மெஷினிலிருந்து வரும் உருப்படிகளில்தான் தையல் விட்டுப்போகிறது என்று கண்டு சூப்பர்வைசரிடம் சொன்னதாக. புள்ளியியல் படிக்க விண்ணப்பிக்கும் ஒருவர் அந்த வரியை ஒளித்துவைக்கலாமா? கஷ்டப்பட்டேன், குடும்ப வறுமை என்று தொடங்க வேண்டாம். அது உண்மைதான் என்றாலும், உங்களைப் போல் ஆயிரம் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள். மேசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளில் எத்தனை உருப்படிகள் உங்கள் கை வழியாகப் போயின, எத்தனை திரும்பின, எந்த மெஷின் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சூப்பர்வைசர் முதலில் நம்பாதபோது என்ன எண்ணிக் காட்டினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழைகளை நான் பார்த்துத் தருகிறேன்.