பிரிக்கெட்டை விடுங்கள், மரக்கரிக்கு வாருங்கள்

வீட்டில் கத்தி அடிக்க ஒரு சிறு உலை வைத்து, பிரிக்கெட் கரி போட்டு ஹேர் டிரையரால் ஊதியும் இரும்பு மங்கிய சிவப்பைத் தாண்டவில்லை, பக்கத்து வீடு பத்தடியில் இருக்கிறது, நிலக்கரிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிலக்கரி பற்றும்போது கிளம்பும் கெட்டிப் புகையும் கந்தக நெடியும் அன்றைக்கே அவர்களை உங்கள் வாசலுக்கு வரவழைத்துவிடும்.

கோளாறு பிரிக்கெட்டில்தான். கரித்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய கட்டி அது; சாம்பல் குவிந்து காற்றுவழியை அடைத்துவிடும். சாதாரண மரக்கரியைக் கட்டைவிரல் பருமனுக்கு உடைத்து, உலைக்குள் காற்று வரும் குழாய்க்கு மேல் ஒரு சாண் உயரம் குவியுங்கள். இரும்பு அந்தக் குவியலின் மேல்பாதியில் இருக்கட்டும், அதன் தலையிலும் கொஞ்சம் கரி போடுங்கள். நான் ஆரம்பத்தில் குழாய் வாய்க்கு நேரே வைத்து, நல்ல கம்பியைச் செதில் செதிலாக உரியவிட்டவன். அங்கே எரியாத ஆக்ஸிஜன் அதிகம், அது இரும்பைத் தின்னும்.

அப்புறம் அந்த ஹேர் டிரையர். மரக்கரிக்கு அது முரட்டுக் காற்று. குழாயை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆரஞ்சு கடந்து மஞ்சள் தட்டினால் சுமார் 1100 டிகிரி செல்சியஸ், சிறு கத்திக்கு அது தாராளம். மரக்கரி மளமளவென்று தீரும், பொறியும் பறக்கும். வாளியில் தண்ணீர் இருக்கட்டும்.

புகையே கூடாதென்றால் புரொப்பேன் வாயுவில் எரியும் உலை. ஆனால் எதை எரித்தாலும் வெளியில்தான்: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.