மங்கோலியாவில் தாஹி காட்டுக்குதிரைகளை வீட்டுக்குதிரைகளோடு ஏன் சேர விடுவதில்லை? சேர்ந்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?

சேர்ந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தாஹி என்பது மங்கோலியர்கள் சொல்லும் பெயர். வெளியுலகில் பிரெஸ்வால்ஸ்கி குதிரை என்பார்கள். வீட்டுக்குதிரைக்கு 64 குரோமோசோம்கள், தாஹிக்கு 66. தாஹியில் தனித்தனியாக இருக்கும் இரண்டு ஜோடிகள் வீட்டுக்குதிரையில் ஒட்டிக்கொண்டு ஒரே ஜோடியாக இருக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் 65 குரோமோசோமோடு பிறக்கும் கலப்புக்குட்டியின் உடலில் அவை ஒழுங்காகவே இணைசேர்ந்து பிரிகின்றன. கோவேறு கழுதை அப்படியில்லை. குதிரையின் 64-உம் கழுதையின் 62-உம் அடுக்கிலேயே நிறைய மாறுபட்டிருப்பதால் அது பெரும்பாலும் மலடு. கழுதைக்கலப்பு அந்தத் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. தாஹிக் கலப்பு நிற்பதில்லை.

ஒரு கலப்புப் பெட்டை தாஹிக் கூட்டத்துக்குள் போய் ஈன்றால், குட்டிகளில் பாதிக்கு 65, பாதிக்கு 66 வரும். அந்த 66-ஐ எண்ணிப் பார்த்தால் சுத்தமான தாஹி என்றுதான் தோன்றும். ஆனால் அதன் மரபில் ஏறக்குறைய கால்பங்கு வீட்டுக்குதிரை. குரோமோசோமை எண்ணி இதைப் பிடிக்க முடியாது, டி.என்.ஏ. சோதனைதான் வேண்டும்.

கண்ணால் அடையாளம் காண்பதும் நினைப்பதுபோல் சுலபமில்லை. தாஹியின் பிடரிமயிர் குட்டையாக, பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் மங்கோலிய மேய்ப்பர்கள் காயடித்த சவாரிக் குதிரைகளின் பிடரியைக் கத்தரித்துவிடுவது வழக்கம். பொலிகுதிரையின் பிடரியை மட்டும் வளர விடுவார்கள். கத்தரித்த பிடரியோடு ஒரு மங்கல் பழுப்புக் குதிரை தூரத்தில் நின்றால் தாஹி போலவே இருக்கும். எனவே நெற்றியைப் பாருங்கள். தாஹிக்கு நெற்றியில் விழும் முன்மயிர் கிடையாது. அடுத்து வாலின் அடிப்பகுதி: தாஹியில் அங்கே குட்டை மயிர்தான், நீள மயிர் கீழேதான் தொடங்கும். மாவில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்த மூக்குப் பகுதி, முதுகில் ஓடும் கருங்கோடு, காலில் மங்கலான வரிகள் எல்லாம் துணைச் சான்றுகள். முதுகுக்கோடு வீட்டுக்குதிரைகளிலும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

கலப்பு நடப்பது பெரும்பாலும் இளவட்டங்களால். ஒரு தாஹிக் கூட்டம் என்பது ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள். இரண்டு மூன்று வயதாகும் ஆண்குட்டிகளைத் தகப்பன் துரத்திவிடும். அவை தமக்குள் கூட்டம் சேர்ந்து அலையும்போது மேய்ப்பர்களின் பெட்டைகளைச் சந்திக்கின்றன. மங்கோலியாவில் வீட்டுக்குதிரைகள் 40 லட்சத்துக்கு மேல், மனிதர்களைவிட அதிகம். அவை வேலியில்லாமல் ஒரு அசர்காவின் கீழ் திறந்தவெளியில்தான் மேய்கின்றன. அசர்கா என்றால் பொலிகுதிரை. அந்த நாட்டிலுள்ள தாஹிகளோ ஆயிரத்தை ஒட்டித்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒரு குடம் தண்ணீர். எது எதில் கரைந்துபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குடத்திலும் ஏற்கெனவே தண்ணீர் குறைவு. காட்டில் கடைசித் தாஹியைப் பார்த்தது 1969-இல், ஜுங்காரியக் கோபிப் பாலைவனத்தில். இன்றிருப்பவை எல்லாம் காட்டிலிருந்து பிடித்த சுமார் 12 குதிரைகளின் வழிவந்தவை. விலங்குக்காட்சிச் சாலைகளில் வளர்ந்த காலத்திலேயே கொஞ்சம் வீட்டுக்குதிரை ரத்தமும் கலந்துவிட்டது. 1992-இல்தான் மங்கோலியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்: தலைநகர் உலான்பாத்தருக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள ஹுஸ்தாய்க்கும், தென்மேற்கில் கோபியின் ஓரத்திலுள்ள தாஹின் தாலுக்கும்.

மரபுக்கு அடுத்து நோய். தாஹின் தாலில் இறக்கிய குதிரைகளில் சில பைரோபிளாஸ்மோசிஸால் செத்தன. உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் இது. காய்ச்சல், ஈறு மஞ்சளாதல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் என்று வரும். உள்ளூர்க் குதிரைகள் குட்டியிலேயே தொற்றுப் பட்டு, நோயைச் சுமந்தபடியே தாங்கிப் பழகிவிடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த தாஹிக்கு அந்த எதிர்ப்பு இல்லை. பயணக் களைப்பும் முதல் பனிக்காலத்து மெலிவும் சேர்ந்து, வசந்தத்தில் உண்ணி ஏறும் நேரத்தில் விழுந்துவிடும். இமிடோகார்ப் ஊசி உண்டு. ஆனால் இந்நோய் தரும் ஒட்டுண்ணிகளில் தைலேரியா என்ற வகையை அது உடலிலிருந்து முழுதாக நீக்குவது கடினம். ஆகவே கொண்டுவந்ததும் திறந்துவிடாமல் பெரிய அடைப்பில் வைத்து, இடத்துக்கும் புல்லுக்கும் உண்ணிக்கும் பழக்கிய பிறகே விடுகிறார்கள். ஹுஸ்தாயில் முதல் கூட்டம் வெளியே போனது 1994-இல்.

மூன்றாவது, கால்நடைகளோடு பங்கிட வேண்டிய புல். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். அருங்காட்சியகங்களிலுள்ள பழைய தாஹிகளின் வால்மயிரை ஆராய்ந்ததில், அவை கோடையில் புல்லும் பனிக்காலத்தில் புதர்களும் தின்றது தெரிந்தது. இன்றைய தாஹிகள் வருடம் முழுக்கப் புல்தான் தின்கின்றன. பழைய தாஹிகளை மனிதர்கள் வேட்டையாடியும் கால்நடைகளைக் கொண்டு நிறைத்தும் நல்ல மேய்ச்சலிலிருந்து விரட்டியிருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

மேய்ச்சல் எவ்வளவு முக்கியம் என்பதை ஜுட் காட்டும். கோடை வறட்சியில் மெலிந்த உயிர்கள் மீது கடும் பனி விழுந்து மூடுவதை ஜுட் என்கிறார்கள். பனி பொடியாக இருந்தால் குதிரை முன்குளம்பால் கிளறிப் புல்லை எடுத்துவிடும். ஆடுகள்கூடக் குதிரை கிளறிய இடத்தில் பின்னால் மேயும். ஒருநாள் உருகி மறுநாள் உறைந்தால் மேலே கண்ணாடிப் பாளம் போல் இறுகிவிடும், குளம்பு இறங்காது. பனிக்காலத்தில் தாஹியின் உடல் தானே செலவைக் குறைத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு வசந்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதியாகும். அதுவும் போதாமல் போனது 2009-10 ஜுட்டில்: கோபியில் 137 ஆக இருந்த தாஹிகள் 49 ஆயின. அதே பகுதியின் குலான் என்னும் காட்டுக்கழுதைகள் பனி குறைந்த மேற்கே நகர்ந்து தப்பின. பழகிய சிறிய எல்லையை விட்டு நகராத கிழக்குப் பக்கத்துத் தாஹிகள்தான் மடிந்தன. மேற்கே இருந்த கூட்டம் பிழைத்தது. தாஹிகளை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. 2024-இல் கஜகஸ்தானிலும் தாஹிகளை இறக்கியிருக்கிறார்கள்.

புது ரத்தத்துக்கு வீட்டுக்குதிரைதான் வழி என்றில்லை. 1980-இல் உறையவைத்த ஒரு பொலிகுதிரையின் செல்லிலிருந்து 2020 ஆகஸ்டில் கர்ட் என்ற குளோன் குட்டி அமெரிக்காவில் பிறந்தது. சுமந்து ஈன்றது ஒரு வீட்டுப் பெட்டை. கருமுட்டையும் வீட்டுக்குதிரையுடையதே, ஆகவே அதன் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் தனி டி.என்.ஏ. கொண்ட, ஆற்றல் தரும் உறுப்பு) வீட்டுக்குதிரை வழி. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாகத்தான் இறங்கும், கர்ட் ஆண். அதன் குட்டிகளுக்கு அது போகாது.