சங்கு நின்ற பிறகு: தங்கவயல்காரர் ஒருவரிடம் கேள்விகள்

முன்குறிப்பாக இரண்டு வரி. நான் பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீட்டில் (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடு). தாத்தா, அப்பா இருவருக்கும் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. நான் பெங்களூருக்கு வந்து தொழிலாளர் சட்ட ஆலோசனை வேலையில் சேர்ந்தேன். ஆலைகள் மூடும்போது தொழிலாளர்களின் கணக்கைச் சரிபார்த்துத் தருவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சேலத்திலிருந்து): சுரங்கத்தை மூடியபோது ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது? அரசு ஏதாவது திட்டம் போட்டதா?

திட்டமா? ரயில் இருந்தது. அதுதான் திட்டம்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் 120 வருடம், ஏறக்குறைய 800 டன் தங்கம். நல்ல காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் கடைசி நாளில் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதனால் ஊர் ஒரே நாளில் விழுந்தது என்று சொல்லக் கூடாது, ஐம்பது வருடமாக மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே வந்தது. ஆனால் அந்தக் கடைசி மூவாயிரம் பேரோடு சேர்ந்து ஆஸ்பத்திரி போனது, ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு போனது. சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அது நின்ற பிறகு ஒரு வாரம் அம்மாவுக்கு எந்த வேளைக்கு எதைச் செய்வது என்றே பிடிபடவில்லை.

அப்புறம் ரயில். தங்கத்துக்காக வெள்ளைக்காரன் 1894-இல் பங்காரப்பேட்டையிலிருந்து போட்ட தடம். சுரங்கம் போன பிறகு ஊருக்குச் சோறு போட்டது அந்தத் தடம்தான். தடத்தின் கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் விடியற்காலை ஏறினால் பெங்களூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கொத்தனார், எலெக்ட்ரீஷியன், செக்யூரிட்டி, கார்மெண்ட் பெண்கள், காலேஜ் பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கில் போய் ராத்திரி திரும்புகிறார்கள். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. இதை மீட்சி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் இந்த ரயில் இல்லாத சுரங்க ஊராக இருந்திருந்தால் இன்று பேய்தான் குடியிருக்கும்.

தொழில் போன ஊரைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டை விடாமல், ராத்திரி திரும்பி வரும் தூரத்தில் அடுத்த வேலை இருக்கிறதா? இருந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் இரண்டு வருடம்தான்.

கேள்வி (சென்னை): சுரங்கம் மறுபடியும் திறக்குமா ஐயா? இன்னும் தங்கம் இருக்கிறதாமே?

இருக்கிறது. கடலிலும்தான் தங்கம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் 4-க்கும் கீழே. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. பம்பை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. இப்போது பேச்செல்லாம் மேலே கிடக்கும் சயனைடு மேடுகளைப் பற்றித்தான் (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண்). 13 மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவையும் ஒப்புக்கொண்டது. நடந்தால் நடக்கட்டும். மண்ணை அள்ளுவது பொக்லைன், அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படாது.

கேள்வி (ஓரகடம், டூல்ரூம்): அண்ணே, எங்கள் கம்பெனியை மூடப்போவதாகப் பேச்சு. எனக்கு 9 வருடம் 7 மாதம் சர்வீஸ். மொத்தமாகப் பணம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். என்ன செய்ய?

தம்பி, இதற்குத்தான் நான் வந்தேன்.

முதலில், "தானாக விலகுகிறேன்" என்ற வார்த்தை எந்தக் காகிதத்தில் இருந்தாலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். தர மாட்டேன் என்றால் போனில் படம் எடுங்கள். ஆலையை மூடுவது வேறு, நீங்கள் விலகுவது வேறு. மூடினால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு, கிராஜுவிட்டி தனி, நோட்டீஸ் சம்பளம் தனி. விலகினால் அவர்கள் கொடுப்பதுதான். கொடுக்கும் தொகை சட்டப்படி வருவதைவிடப் பெரிதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை, பல சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். முன்பு 100 பேர் இருந்தாலே மூடுவதற்கு அரசு அனுமதி வேண்டும், புதிய சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது.

இரண்டாவது, பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லி ஒரு ஏஜெண்ட் வருவான். பென்ஷனை எடுக்காதீர்கள். பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும், ஆனால் 9 வருடம் 6 மாதம் தாண்டினாலே 10 என்றுதான் கணக்கு. உங்களுக்குத் தாண்டிவிட்டது. நடுவில் கணக்கில் விடுபட்ட மாதம் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பாஸ்புக்கில் பாருங்கள்.

மூன்றாவது, நான் எல்லோரிடமும் சொல்வது: வந்த பணத்தை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். தங்கைக் கல்யாணம், மாடி கட்டுவது, மச்சானின் பிசினஸ், எல்லாம் ஆறு மாதம் கழித்து. என் அப்பா தனக்கு வந்ததில் பாதியை வட்டி அதிகம் தருகிறான் என்று ஒரு பைனான்ஸில் போட்டார். எந்த பைனான்ஸ் என்று வேண்டாம், போர்டு கூட இன்று இல்லை. முப்பது வருடம் பூமிக்கடியில் இருந்த மனுஷன், பதினான்கு மாதத்தில் பாதி காலி.

கேள்வி (மதுரை): அந்த கே.ஜி.எஃப் சினிமாவில் காட்டுவது உண்மையா?

இல்லை.

கேள்வி (கோவை, மில் தொழிலாளி மகள்): வேலை போனவர்களுக்குத் திறன் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

யாரை வேலைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுத்தால் உதவும். சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் விட்டால் உதவாது. 45 வயது ஆளை மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காரவைத்து அவமானப்படுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு டிம்பரிங் (பாறைக்கு மரத்தில் முட்டுக் கொடுப்பது) தெரியும், பம்பு தெரியும், ஆளை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சின் தெரியும். பாறை எப்போது வெடிக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்வார் (ஏர் பிளாஸ்ட் என்போம்). அந்த அறிவுக்கு எங்கே விலை கிடைக்கும் என்று தேடியிருக்க வேண்டும். பெங்களூர் மெட்ரோவுக்குச் சுரங்கம் குடைந்தபோது எங்கள் ஆட்களுக்குப் பாதி வயது தாண்டியிருந்தது. பத்து வருட இடைவெளி.

பெண்களைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் லைனில் முதலில் ரயில் ஏறியது பெண்கள்தான். ஆண்கள் செட்டில்மெண்ட், கோர்ட், சங்கக் கூட்டம் என்று இருந்தபோது அவர்கள் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கேள்வி (ஜெர்மனியிலிருந்து): இங்கே ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடிய விதம் தெரியுமா?

தெரியும், பொறாமையோடு தெரியும். 2007-இல் முடிவெடுத்துவிட்டு 2018 டிசம்பரில் பாட்ராப் ஊரில் இருந்த கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். பதினோரு வருட அவகாசம். வயதானவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வுப் பணம், இளையவர்களுக்கு வேறு வேலை. அதற்கும் வெகு முன்பே, சுரங்கங்கள் மூட ஆரம்பித்த காலத்தில், 1965-இல் அங்கே போகும் (Bochum) என்ற நகரில் பல்கலைக்கழகம் திறந்தார்கள். அப்படியும் அங்கே குறை இல்லாமல் இல்லை, அதே போகுமில் நோக்கியா 2008-இல் மூடியது, ஓப்பல் கார் ஆலை 2014-இல் மூடியது.

வயிறெரியும் விஷயம் என்னவென்றால், அவகாசம் எங்களுக்கும் கிடைத்தது. 1992-இலேயே கம்பெனி நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. 2001 வரை ஒன்பது வருடம்! அந்த ஒன்பது வருடத்தில் யாரும் ஒரு ஐடிஐ சீட்டைக் கூட்டவில்லை. மூட மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கேள்வி (வேலூர்): சுரங்கம் திரும்பத் திறக்க வாய்ப்பு உண்டா?

மேலே பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): நீங்களெல்லாம் தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போயிருக்கலாமே?

எங்கே? என் தாத்தாவின் அப்பா வடாற்காட்டிலிருந்து வந்தார், அங்கே அவருக்கு நிலமும் இல்லை, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் இல்லை. அதனால்தான் உயிரைப் பணயம் வைத்துச் சுரங்கத்தில் இறங்கினார். நாலு தலைமுறை புதைத்த இடம்தான் ஊர். அடுத்த கேள்வி.

கேள்வி (பழைய தங்கவயல் சங்கத்துக்காரர்): தோழர், "நம்பிக்கொண்டிருந்தோம்" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். போராடி கோர்ட்டுக்குப் போனதால்தான் பலர் இன்னும் லைன் வீட்டில் இருக்கிறார்கள். எல்லோரும் பெட்டியைக் கட்டியிருந்தால் நிலம் எப்போதோ கைமாறியிருக்கும்.

பாதி சரி. மறுபாதிக்கு வருகிறேன். "மறுபடி திறக்கும்" என்று மேடையில் சொல்லிச் சொல்லி முப்பது வயதுப் பையன்களைப் பத்து வருடம் டீக்கடையில் உட்காரவைத்தது யார்? என் சொந்த சித்தப்பா மகன் 2001-இல் ஒரு நல்ல வேலையை விட்டான், "கேஸ் நம்ம பக்கம், எப்படியும் கூப்பிடுவாங்க" என்று. இன்று அவன் ஏடிஎம் வாசலில் காவல்.

(அவரே மறுபடியும்): அது சங்கத்தின் தப்பா? பம்பாய் மில்களைப் பாருங்கள். 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய வேலைநிறுத்தம் தோற்றது, மில் நிலத்தில் மால் வந்தது. அங்கேயும் விடாமல் கேட்டவர்களுக்குத்தான் பிற்பாடு குலுக்கலில் வீடு கிடைத்தது.

அதை ஒப்புக்கொள்கிறேன். நிலத்தை விடாதே என்பது ஒன்று, வேலைக்காகக் காத்திரு என்பது வேறு. முதலாவதுக்குச் சங்கம் வேண்டும், கோர்ட் வேண்டும், இருபது வருடப் பொறுமை வேண்டும். இரண்டாவதைச் சொன்னது பாவம். நீங்கள் இரண்டையும் ஒரே கோஷமாக்கினீர்கள்.

(மறுபடியும்): வேலை கேட்காமல் நிலத்தை மட்டும் கேட்டால் யார் கூட்டத்துக்கு வருவார்கள்?

இது நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. நீங்கள் மேடையில் இருந்தீர்கள், நான் பெங்களூரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர்): நோக்கியா ஆலை மூடி அப்புறம் வேறு கம்பெனி வந்ததே, அது மீட்சி இல்லையா?

கட்டடத்துக்கு மீட்சி. 2014 நவம்பரில் மூடினார்கள், 2019-இல் செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கியது. சாலை, மின்சாரம், துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. ஆனால் 22 வயதில் வேலை இழந்த பெண்ணுக்கு அப்போது 27. கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் எல்லாம் நடுவில். ஆலைக்கு ஐந்து வருடம் ஒன்றுமில்லை, ஆளுக்கு அது பாதி இளமை.

கேள்வி (தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை): அப்பாவுக்கு மூச்சுத் திணறல், டிபி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. சுரங்கத்தில் 24 வருடம் இருந்தார்.

அம்மா, இது என் துறை இல்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். சுரங்கத்தில் இருந்தவர் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும், இரண்டும் சேர்ந்தும் வரும். சிலிக்கோசிஸ் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ரிப்போர்ட் வந்ததும் அவருடைய பழைய சர்வீஸ் காகிதங்களோடு எனக்குத் தனியாக எழுதுங்கள்.

கேள்வி (ஓசூர்): செட்டில்மெண்ட் பணத்தைச் சீட்டில் போடலாமா?

ஆறு மாதம். தொடாதீர்கள். வேறு எப்படிச் சொல்ல?

கேள்வி (பெங்களூர்): தங்கவயலில் மனை வாங்கலாமா?

நான் தரகன் இல்லை.

கேள்வி (திருவண்ணாமலை): சுரங்கத்தை மறுபடியும்...

தாண்டிப் போகிறேன்.

(ஓரகடம் டூல்ரூம், மறுபடியும்): அண்ணே, காகிதத்தைப் படம் எடுத்துவிட்டேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200. கிராஜுவிட்டி 81,900 என்று போட்டிருக்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. 30-ஆல் வகுத்திருக்கிறார்கள், 26-ஆல் வகுக்க வேண்டும். வருடத்தையும் 9 என்று எடுத்திருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 10. 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் 700, 15 நாளுக்கு 10,500, பத்து வருடத்துக்கு 1,05,000. உங்களுக்கு 23,100 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். மற்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் புதிய சட்டப்படி இன்னும் கூடலாம், சம்பள ரசீதை அனுப்புங்கள். பக்கத்து மிஷினில் இருப்பவரின் காகிதத்தையும் வாங்கிப் பாருங்கள், அவருக்கும் 30-ஆல்தான் வகுத்திருப்பார்கள்.